ஸ்டென்ட் வைத்து வந்த மூன்றாம் மாதம் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. வீட்டில் எப்படி நிலைக்க வைப்பது?

மேல்புறம்_தன்னார்வலர் கேட்டது:

கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையை ஒட்டிய ஊர்களில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கிறோம். இதய நோயாளிகள் இருக்கிற வீடுகளில் ஒரே கதைதான் நடக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்தோ பைபாஸ் செய்தோ வருகிறார்கள். முதல் மாதம் உப்பில்லாக் கஞ்சி, காலை நடை, பீடி கிடையாது. நெஞ்சுவலி மறந்துபோன மூன்றாம் மாதம் கருவாடு திரும்பி வருகிறது, நடை நிற்கிறது, பீடிக்கட்டு சட்டைப் பையில் ஏறுகிறது. போய்ச் சொன்னால் "எல்லாம் தெரியும் மக்களே" என்று தலையாட்டுகிறார்கள்.

பெரும்பாலும் ரப்பர் பால்வெட்டு, தென்னை, கட்டட வேலைக்காரர்கள். சமையல் முழுக்கத் தேங்காயும் தேங்காய் எண்ணெயும். தனியாகச் சமைக்க வழியில்லாத கூட்டுக் குடும்பங்கள்தான் அதிகம். பத்தியச் சீட்டில் இருக்கிற ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் இங்கே யார் வீட்டிலும் இல்லை. இந்த அடுப்பிலும் இந்த வேலையிலும் நிற்கக்கூடிய மாற்றமாகச் சொல்லுங்கள். எதை முதலில் பிடிப்பது, எவ்வளவு, எப்படி அளப்பது?

உணவியல்_மார்த்தாண்டம்:

தங்கச்சி, நோயாளிக்கு மட்டும் தனிப் பத்தியம் என்று போட்டாலே அது மூன்று மாதத்தில் முறிந்துவிடும். சட்டி ஒன்று, சாப்பிடுகிறவர்கள் ஐந்து பேர். அவருக்கு மட்டும் சப்பென்று வைத்தால் அவர் சாயாக்கடைக்குப் போவார். மாற்ற வேண்டியது சட்டியைத்தான். அதனால் அவரிடம் பேசுவதற்கு முன்னால் சமைக்கிறவரிடம் பேசுங்கள். எடுத்ததும் "என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்ல பதிலைத்தான் சொல்வார்கள். "உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது, எண்ணெய் மாதம் எவ்வளவு ஆகிறது, தேங்காய் ஒரு நாளைக்கு எத்தனை" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்வியில் பாதி உண்மை வந்துவிடும்.

முதலில் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது எல்லா வேளைக்கும் சேர்த்துத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, பேக்கரிச் சாமான் வழியாகவும் உப்பு உள்ளே போவதால் 60 நாள் என்று குறி வையுங்கள். பாக்கெட்டை உடைக்கிற அன்றே அதன் மேல் பேனாவால் தேதி எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தேதியைப் பார்த்தால் போதும், விசாரணையே வேண்டாம்.

இதில் எங்கே தவறும்? கல்லுப்பைக் கையால் அள்ளிப் போடுகிற வீடுகளில் அளவு நாளுக்கு நாள் மாறும். டப்பாவுக்குள் ஒரு கரண்டியைப் போட்டு வைத்து, அதிலேயே அளந்து போடட்டும். சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம், மேசையில் உப்புக் கிண்ணம் வேண்டாம். ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்தால் நாக்கு பழகிவிடும். புளிப்பு தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு தெரியாது, நம் ஊர்க் குடம்புளி இதற்கென்றே இருப்பது போல. இந்துப்பு நல்லது என்று வாங்கி வருகிறார்கள், அதுவும் சோடியம்தான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

அடுத்தது தேங்காய். தேங்காயைக் கைவிடச் சொன்னால் அன்றோடு நீங்கள் சொல்கிற எதையும் கேட்க மாட்டார்கள். கணக்கைக் காட்டுங்கள். 100 கிராம் தேங்காய்த் துருவலில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 30 கிராம். இதய நோயாளிக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 13 கிராம் அளவில் நிறுத்தப் பார்க்கிறோம். ஒரு முறித் தேங்காயில் (பாதித் தேங்காயில்) 150 கிராம் துருவல் வருகிறது என்று வைத்தால் நாலு பேர் வீட்டில் ஆளுக்கு 11 கிராம் வந்துவிடுகிறது. எண்ணெய், பால், இறைச்சி எல்லாம் அதற்கு மேல். முறியைப் பாதியாக்குங்கள். துவரனுக்கு இரண்டு மேசைக்கரண்டி, கறிக்கு அரைக்கிற இடத்தில் வேகவைத்த சிறுபயறையோ சின்ன உள்ளியையோ சேர்த்து அரைத்தால் கெட்டி வந்துவிடும். வறுத்தரைக்கிற தீயல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இருக்கட்டும்.

எண்ணெயில்தான் இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல். சொந்தத் தென்னை, சொந்தக் கொப்பரை, மில்லில் ஆட்டி டின்னில் நிறைத்து வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்காத எண்ணெயை யாரும் அளப்பதில்லை. மாதம் ஒன்றாம் தேதி ஆளுக்கு அரை லிட்டர் கணக்கில் தனிப் பாட்டிலில் ஊற்றி வைக்கட்டும், நாலு பேருக்கு இரண்டு லிட்டர். அதில் பெரும்பங்கு கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் இவற்றில் ஏதாவதாக இருக்கட்டும். தாளிக்க மட்டும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டால் மணமும் இருக்கும், மனசும் கேட்கும். பாட்டில் 20ஆம் தேதியே காலியானால் என்ன பொரித்தோம் என்று அவர்களே சொல்வார்கள்.

மீன் நமக்குக் கிடைத்த வரம். சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சாப்பிடலாம், ஆனால் கறியாக. வாழையிலையில் பொதிந்தோ, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயிலோ சுட்டும் சாப்பிடலாம். பொரித்தால், அதிலும் நேற்றைய எண்ணெயில் பொரித்தால், மீனின் நன்மை எண்ணெயோடு போய்விடும். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் உப்பு முழுக்கப் போகாது.

மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) விலக்கச் சொல்ல வேண்டாம். வேகவைத்துத் தண்ணீரை வடித்து, ஒரு கோப்பை, மீன் கறியோடு, சோற்றுக்குப் பதிலாக. சோற்றுக்கு மேல் அதையும் வைக்கும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. இரவுக்குச் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் துவையலும் இருந்தால் ஓட்ஸைத் தேட வேண்டாம். கஞ்சிக்கு அப்பளத்தைச் சுட்டு ஒன்று. பொரித்து நாலு வேண்டாம்.

முதல் மாதம் உப்பு, இரண்டாம் மாதம் எண்ணெய், மூன்றாம் மாதம் தேங்காய் என்று ஒவ்வொன்றாகப் பிடியுங்கள்.

இயன்முறை_குழித்துறை:

நடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எட்ட வேண்டிய அளவு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேக நடை. ஆனால் ஸ்டென்ட் வைத்து வந்த வாரமே அரை மணி நேரம் நடக்க வைக்காதீர்கள். சமதரையில் 5 நிமிடம், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. மூச்சு சீராக இருந்தால் ஒவ்வொரு வாரமும் 5 நிமிடம் கூட்டலாம். ஆறு ஏழு வாரத்தில் அரை மணி நேரம் தானாக வந்துவிடும். வேகத்துக்கு அளவுகோல் பேச்சு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பேச்சே அறுந்தால் வேகம் அதிகம். முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவாக. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

நம் நிலம் மேடு பள்ளம். வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுவதே சில வீடுகளில் ஒரு மாடி உயரம். முதல் மாதத்துக்கு எங்கே நடப்பது என்று நீங்களே இடம் பார்த்துச் சொல்லுங்கள்: கோயில் மதில், பள்ளிக்கூட மைதானம், சர்ச் வளாகம். ஏற்றத்தை இரண்டாம் மாதம் சேர்க்கலாம்.

நடை எங்கே முறிகிறது தெரியுமா? மழையில். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொன்று. பத்து நாள் நின்றது பிறகு தொடங்குவதேயில்லை. முன்கூட்டியே மழை நாள் வேலை ஒன்றைப் பழக்கி வைத்துவிடுங்கள். திண்ணையில் நின்ற இடத்திலேயே கால் தூக்கி 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. பிறகு கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 தடவை, இரண்டு சுற்று. கை ஊன்றாமல் முடியாதவர்கள் ஊன்றியே தொடங்கட்டும்.

பால்வெட்டுக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. விடியற்காலம் மூன்று நாலு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு கட்டன் சாயாவும் பீடியுமாக மேட்டில் ஏறுகிறார்கள். மாரடைப்பு அதிகம் வருகிற நேரமே காலை வேளை. திரும்ப வேலைக்குப் போகிற தேதியை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பின் கனமான வேலைக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆவது வழக்கம், பைபாஸ் என்றால் மூன்று மாதம், சிலருக்கு டிரெட்மில் சோதனை பார்த்த பிறகுதான். பைபாஸ்காரர்கள் நெஞ்செலும்பு சேரும்வரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது. வேலைக்குத் திரும்பினால் இரண்டு இட்லியோ ஒரு ஏத்தம்பழத்தில் பாதியோ தின்றுவிட்டுப் போகட்டும். வெட்டுவதைவிடப் பால் சுமப்பதில்தான் ஆபத்து. நிறைந்த 20 லிட்டர் வாளியை மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். இரண்டு கையிலும் பாதி பாதி வாளி, தூக்கும்போது வாய்வழி மூச்சை விட வேண்டும். "நாள் முழுக்க மேட்டில் ஏறி இறங்குகிறேன், தனியாக எதற்கு நடை?" என்று கேட்பார்கள். வேலை நின்று நின்று நடப்பது. விடாமல் ஒரே வேகத்தில் நடப்பது இதயத்துக்கு நல்ல பயிற்சி.

கேட்க வெட்கப்படுகிற ஒன்று: தாம்பத்தியம் எப்போது என்பது. பொதுவாக இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் பயப்பட வேண்டியதில்லை. கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியே சொல்லுங்கள். இந்தப் பயத்திலேயே ஒடுங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தாளுநர்_பாறசாலை:

எல்லைப் பகுதியில் உணவைவிட அவசரமாகப் பார்க்க வேண்டியது மாத்திரைப் பை. திருவனந்தபுரத்தில் எழுதிய பிராண்ட் தமிழ்நாட்டுப் பக்கம் கிடைக்காது, அங்கே தருவது வேறு பிராண்ட். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிறார்கள், அல்லது பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒதுக்கிவிடுகிறார்கள். பி.பி. மாத்திரையான அம்லோடிபின் இரட்டிப்பானால் கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த ஒரே கேப்சூலும் வருகிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே தனி அட்டோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறவர்கள் உண்டு.

போகும்போது பையை மேசையில் கொட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரைப் பார்த்து ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், மி.கி., எந்த வேளை, எதற்கு. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தத் தாளின் ஒரு நகல் பர்ஸில் இருக்கட்டும்.

நிறுத்தக்கூடாதவற்றில் முதலிடம் ஸ்டென்ட் வைத்தவர்களின் ஆஸ்பிரினும் குளோபிடோகிரல் அல்லது டிகாக்ரெலாரும். மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட் என்றால் இரண்டும் சேர்ந்து பொதுவாக ஒரு வருடம். இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடும். பல் பிடுங்கப் போகிறவர்கள் தாங்களாகவே நாலு நாள் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. மெட்டோப்ரோலாலையும் சட்டென்று விடக்கூடாது. கொழுப்பு மாத்திரையில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 55-க்குக் கீழே வந்ததும் "குறைந்துவிட்டது" என்று நிறுத்துகிறார்கள். குறைத்து வைத்திருப்பதே மாத்திரைதான், விட்டால் சில வாரத்தில் பழைய இடத்துக்குப் போகும்.

பிடிக்காமல் நிறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தொந்தரவாக இருக்கும். ராமிப்ரில், எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரும், மாற்று உண்டு. ஆஸ்பிரினில் வயிறு எரிந்தால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம், அப்போதும் எரிந்தாலோ மலம் கறுத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். "ஏன் விட்டீர்கள்" என்று கேட்டால் மழுப்புவார்கள். "எந்த மாத்திரை படுத்துகிறது" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கித் தின்பதைத் தடுங்கள், பாராசிட்டமால் போதும். வைத்தியசாலை அரிஷ்டம், கஷாயம் குடிக்கிறவர்கள் அதை மறைக்காமல் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரிஷ்டத்தில் சர்க்கரையும் மதுச்சத்தும் உண்டு, அதிமதுரம் அதிகமானால் பி.பி. ஏறும். செயற்கை வால்வு வைத்து வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் சரி.

நாக்கடியில் வைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அது அலமாரியில் இருந்து பயனில்லை, சட்டைப் பையில் இருக்க வேண்டும். நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்றை நாக்கடியில் வைக்கட்டும். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. ஆட்டோ பிடிக்கப் போக வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் வகை எடுக்கிறவர்கள் இதோடு அதைச் சேர்த்தால் உயிருக்கே ஆபத்து, இதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

மனநலம்_நாகர்கோவில்:

"எல்லாம் தெரியும் மக்களே" என்பது மரியாதையாகக் கதவைச் சாத்துவது. தெரியாததால் அவர்கள் செய்யாமல் இல்லை. அதனால் மீண்டும் பாடம் எடுக்க வேண்டாம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, பீடியை விடணும்கிற நினைப்பு பத்துக்கு எத்தனை?" மூன்று என்பார். "ஏன் பத்து இல்லை" என்று கேட்டால் சாக்கு வரும். "ஏன் ஒன்று இல்லாமல் மூன்று?" என்று கேளுங்கள். பேத்தி கல்யாணம், மனைவியின் அழுகை என்று அவருடைய காரணத்தை அவரே சொல்வார். அந்தக் காரணத்தை அவருடைய வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள்.

முடிவுகள் சின்னதாக, நேரத்தோடு கட்டியதாக இருக்கட்டும். "தினமும் நடப்பேன்" நிற்காது. "காலை சாயா கிளாஸைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போடுவேன்" நிற்கும். ஒரு பழக்கம் படிய லண்டனில் செய்த ஆய்வொன்றில் சராசரி 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. ஆகவே முதல் மாதம் தினமும் செய்தாலும் அது இன்னும் பழக்கம் ஆகவில்லை. நீங்கள் அடிக்கடி போக வேண்டியது எட்டாவது முதல் பதினாறாவது வாரம் வரை. இப்போது எல்லாரும் முதல் மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்கிறோம்.

பீடிக்கு: விடுகிற தேதியைக் குறித்து, முதல் நாள் இரவே கட்டு, தீப்பெட்டி, சாம்பல் சிரட்டை எல்லாம் வெளியேற வேண்டும். ஏக்கம் வந்தால் 5 முதல் 10 நிமிடத்தில் தானாகத் தணியும், அதுவரை கையில் வேலை, வாயில் கிராம்பு. முதல் மூன்று நாள் கடுமை, நாலு வாரத்தில் தேறும். எழுந்து அரை மணிக்குள் பீடி தேடுகிறவருக்கு மருத்துவரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம். அதைச் சாதாரணக் கம் போல மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும் வரும், "இது ஒத்துவரவில்லை" என்று துப்பிவிடுவார். நாலைந்து தடவை மென்று, காரம் வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். சாயாவுக்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் கம் வேண்டாம். 1800-11-2356 புகையிலை விடுவோருக்கான தேசிய இலவச எண். விட்டு ஒரு வருடத்தில் புகையால் கூடியிருந்த இதய ஆபத்து பாதியாகிவிடும். புகையிலை போட்டு வெற்றிலை போடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

ஒரு கல்யாண வீட்டில் ஒரு பீடி இழுத்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கட்டே வாங்குகிறார்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் தேவை. திட்டாமல், "எந்த நேரம், யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது" என்று மூன்றையும் கேட்டு, அடுத்த கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று பேசுங்கள்.

இன்னொன்று, மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. சோம்பல், பிடிவாதம் என்று வீட்டார் சொல்வது அதுவாக இருக்கலாம். இரண்டு வாரமாக மனம் வாடிக் கிடக்கிறதா, பிடித்த காரியங்களில் ஆர்வம் போய்விட்டதா என்ற இரண்டு கேள்வியில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உப்பையும் நடையையும் ஒதுக்கிவைத்து முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். மனநல உதவிக்கான 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மேல்புறம்_தன்னார்வலர்:

அக்கா, சார், எல்லாருக்கும் நன்றி. பாக்கெட்டில் தேதி எழுதுவதை இந்த வாரமே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம். இரண்டு வீட்டில் இதயம் பலவீனம், கால் வீக்கம் என்று நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் "தண்ணீர் அளவுதான்" என்கிறார், இன்னொரு வீட்டில் சூட்டுக்கு நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள். எது சரி?

உணவியல்_மார்த்தாண்டம்:

அவர்களுக்கு மருத்துவர் சீட்டில் எழுதிய அளவுதான் சரி, பலருக்கு ஒன்றரை லிட்டர் அளவில் இருக்கும். அதில் கஞ்சித் தண்ணீர், ரசம், மோர், சாயா, இளநீர் எல்லாம் சேரும். தண்ணீர் குறைத்துவிட்டு மூன்று வேளை கஞ்சி குடித்தால் கணக்கு தப்பிவிடும், இந்தப் பக்கத்தில் அதுதான் நடக்கிறது. இவர்களுக்கு மட்டும் இரவுக் கஞ்சிக்குப் பதில் கெட்டியான சோறோ இட்லியோ வையுங்கள். காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிறைத்து வைத்து, சாயாவோ ரசமோ குடிக்கும்போதெல்லாம் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதுதான் குடிக்க. நா வறண்டால் நெல்லிக்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், நீர் மாத்திரையின் வகையைப் பொறுத்து அது ஆகாமலும் போகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை பார்க்கிற இயந்திரம் ஒன்று அந்த வீட்டுக்கு வேண்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், சிமென்ட் தரையில் வைத்து நின்று, காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதட்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சாப்பாடு இல்லை, நீர். கால் வீங்கும்வரை, படுத்தால் மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். படுக்க இரண்டு தலையணை போதாமல் மூன்று கேட்டாலும் அதே அர்த்தம்தான்.

இயன்முறை_குழித்துறை:

நீங்கள் பி.பி. பார்க்கும்போது ஒரு திருத்தம் சேர்க்கிறேன், இதில் தவறினால் மாத்திரை அளவே தவறிவிடும். வாசலில் கூப்பிட்டதும் ஓடி வந்தவரை உடனே பார்க்காதீர்கள். 5 நிமிடம் முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் ஊன்றி, பேசாமல் உட்காரட்டும். அரை மணிக்குள் சாயாவோ பீடியோ இருந்தால் காத்திருங்கள். சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி கையை மேசையில் வையுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். நடை தொடங்கிய பிறகு எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது என்றால் நின்றபடியும் ஒருமுறை பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அந்த எண்ணோடு மருத்துவரிடம் அனுப்புங்கள்.